பவுல்ஸ் கழகம் ஒன்றின் தொடக்க வரலாற்றை எழுதும் முறை

2022 ஆகஸ்ட் 2 அன்று பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிகளில் இந்திய மகளிர் நால்வர் அணி தென்னாப்பிரிக்காவை 17-10 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்றபோதுதான், புல்தரையில் பந்தை உருட்டி ஆடும் லான் பவுல்ஸ் என்ற ஆட்டத்தின் பெயரையே நம்மில் பலர் முதன்முதலாகக் கேட்டோம். மெல்பர்ன், சிட்னி போன்ற நகரங்களில் குடியேறிய தமிழர்களுக்கோ அந்த ஆட்டம் நடக்கும் இடம் அதற்கு முன்பே பழக்கமானது. குடியிருப்புத் தெரு ஒன்றின் முடிவில், தாழ்ந்த வேலிக்கு அப்பால், ஒட்ட வெட்டப்பட்ட சதுரப் புல்தரையும் அதன் ஓரத்தில் ஒரு கூடமும் இருக்கும். குழந்தையின் பிறந்தநாளுக்கோ சங்கக் கூட்டத்துக்கோ அந்தக் கூடத்தை வாடகைக்கு எடுத்திருப்போம். அங்கே சுவரில் மாட்டியிருக்கும் மரப்பலகையில் தங்க எழுத்துகளில் தலைவர்களின் பெயர்களும், எல்லாவற்றுக்கும் மேலே ஓர் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த ஆண்டுக்குப் பின்னால் இருப்பது என்ன என்று கேட்டுத் தேடி எழுத விரும்புகிறவருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நான் வசிக்கும் புறநகரில் உள்ள ஒரு கழகத்துக்காக அந்த வேலையைச் செய்ததில் கற்றுக்கொண்டவற்றையே பெரும்பாலும் சொல்கிறேன். ஆகவே எடுத்துக்காட்டுகள் விக்டோரியா மாநிலத்தைச் சார்ந்தே அமையும்.

தொடக்கம் என்று எதைச் சொல்வது

முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது, கழகம் எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு ஒரே விடை இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை. ஊர்ப் பிரமுகர்கள் ஒரு விடுதியிலோ நகர மன்றக் கூடத்திலோ கூடிக் கழகம் அமைப்பதென்று தீர்மானிக்கும் நாள் ஒன்று. நிலம் கிடைக்கும் நாள் மற்றொன்று. கிரீன் என்று ஆட்டக்காரர்கள் அழைக்கும் அந்தப் புல்தரை திறக்கப்பட்டு முதல் பந்து உருட்டப்படும் நாள் வேறொன்று. மாநிலச் சங்கத்தில் கழகம் சேர்ந்த நாள் இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் ஆட்டப் பருவம் வசந்தத்தில், அதாவது செப்டம்பர் அல்லது அக்டோபரில் தொடங்கி அடுத்த ஆண்டின் ஏப்ரல் வாக்கில் முடிகிறது. ஆகவே இலையுதிர் காலத்தில் கூட்டம் போட்டு, குளிர்காலத்தில் மண்ணைச் சமன்செய்து, புல் வேரூன்றக் காத்திருந்து, அடுத்த பருவத்தில் திறப்பு விழா நடத்திய ஒரு கழகத்துக்கு இரண்டு வெவ்வேறு ஆண்டுகள் தொடக்க ஆண்டாக உரிமை கோரும். பலகையில் உள்ள ஆண்டு இவற்றில் எதைக் குறிக்கிறது என்பதை அறியாமல் அடுத்த வரியை எழுதக் கூடாது. நான் அதைத்தான் செய்தேன். பலகையில் கண்ட ஆண்டை அப்படியே எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டின் செய்தித்தாள்களில் திறப்பு விழாவைத் தேடி மூன்று வாரங்களை இழந்த பிறகே, அது கூட்டம் நடந்த ஆண்டு என்பதும், விழா மறு ஆண்டின் இறுதியில்தான் நடந்தது என்பதும் தெரிந்தன.

நிலத்தின் வரலாற்றையும் கழகத்தின் வரலாற்றையும் பிரித்துப் பார்ப்பதும் இதே அளவுக்கு முக்கியம். இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் உள்ள பழைய பவுலிங் கிரீன் 1299 முதல் ஆடுகளமாக இருந்துவருவதாகக் கூறப்படுகிறது. உலகின் மிகப் பழைய பவுல்ஸ் களம் என்ற பெயரும் அதற்கு உண்டு. ஆனால் அங்கே ஆண்டுதோறும் நடந்து, வெல்பவருக்கு வீரப்பட்டம் சூட்டும் புகழ்பெற்ற போட்டி 1776-இல் தொடங்கியது. களத்தின் வயதையும், அங்கு கூடியவர்களின் அமைப்பு ஒழுங்கு பெற்ற காலத்தையும் ஒன்றாகக் குழைத்துவிட்டால் இரண்டில் எதைப் பற்றியும் நேர்மையாகப் பேச முடியாது. உள்ளூர்க் கழகத்திலும் இது நேரும். விடுதிக்காரர் ஒருவர் தம் வாடிக்கையாளர்களுக்காக வைத்திருந்த புல்தரையில் சில காலம் ஆட்டம் நடந்திருக்கலாம். பின்னர் வேறிடத்தில் அமைந்த கழகம் அந்த ஆண்டுகளையும் தன் வயதில் சேர்த்துக்கொண்டிருக்கலாம். ஆஸ்திரேலியாவில் பதிவான முதல் ஆட்டமே அப்படிப்பட்ட சூழலில்தான் நடந்தது: 1845 ஜனவரி 1 அன்று தாஸ்மேனியாவின் சாண்டி பே பகுதியில் ஒரு விடுதியை ஒட்டிய களத்தில். மெல்பர்னில் விண்ட்சர் பகுதியில் உள்ள மெல்பர்ன் பவுலிங் கிளப் 1864-இல் தொடங்கியது. இன்றும் இயங்கும் ஆஸ்திரேலியக் கழகங்களுள் மூத்தது அதுவே என்று கொள்ளப்படுகிறது. செயின்ட் கில்டா கழகம் மறு ஆண்டு, 1865-இல் வந்தது. உங்கள் கழகம் இவற்றுக்கு முந்தியது என்று யாராவது சொன்னால் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்ளுங்கள். அச்சில் கண்ட பிறகு எழுதுங்கள்.

செவிவழிச் செய்தி எப்படி வளர்கிறது என்பதற்கு இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. 1588-இல் ஸ்பானியக் கப்பற்படை வருகிறது என்ற செய்தி எட்டியபோது பிளிமத் ஹோ மேட்டில் பவுல்ஸ் ஆடிக்கொண்டிருந்த ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பிரான்சிஸ் டிரேக், ஆட்டத்தை முடித்துவிட்டு ஸ்பானியரையும் முடிக்க நேரம் இருக்கிறது என்று சொன்னதாக எல்லாரும் சொல்வார்கள். தளபதிகள் அங்கே ஆடிக்கொண்டிருந்தார்கள் என்ற குறிப்பு அச்சில் தென்படுவது 1624-இல், அதாவது 36 ஆண்டுகள் கழித்து; டிரேக் சொன்னதாகக் கூறப்படும் அந்த வாசகமோ 18-ஆம் நூற்றாண்டில்தான் வெளிப்படுகிறது. இதனால் அந்தக் கதை பொய் என்று ஆகிவிடாது. நிகழ்வுக்கும் அதன் முதல் பதிவுக்கும் இடையிலுள்ள தொலைவை வாசகருக்குச் சொல்ல வேண்டிய கடமை மட்டும் எழுதுபவருக்கு வந்துவிடுகிறது. உங்கள் கழகத்து மூத்த உறுப்பினர் ஒருவர், தம் தாத்தா சொன்னதாக முதல் கிரீன் பற்றி ஒரு செய்தி சொன்னால், அதைக் குறித்துக்கொண்டு, யார் சொன்னார், எந்த ஆண்டு சொன்னார், யாரிடமிருந்து கேட்டார் என்ற மூன்றையும் அதே தாளில் எழுதி வையுங்கள்.

பழைய செய்தித்தாள்களில் தேடுதல்

ஆஸ்திரேலிய தேசிய நூலகம் நடத்தும் ட்ரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். மெல்பர்னைப் பொறுத்தவரை ஆர்கஸ் நாளிதழ் 1846 முதல் 1957 வரை வெளிவந்தது. ஆஸ்திரலேஷியன் என்ற வார இதழ் விளையாட்டுக்கு நிறைய இடம் கொடுத்தது. புறநகர்களுக்கென்றே இருந்த சிற்றிதழ்கள் இவை இரண்டையும் விடப் பயன் தருபவை. பெரிய இதழில் கழகக் கூட்டம் ஒரு வரியாக வரும். ஊர் இதழில் யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், சந்தா எவ்வளவு என்று அரைப் பத்தி முழுவதும் இருக்கும். ஆகவே ஊர் இதழிலிருந்து தொடங்குங்கள்.

தேடும் சொல்லில் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் பவுலிங் என்று மட்டும் தட்டினால் கிரிக்கெட் பந்துவீச்சு பற்றிய பல்லாயிரம் செய்திகள் வந்து நிற்கும். அவற்றைத் தாண்டினால் விடுதிகளில் மர ஓடுதளத்தில் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டத்தின் விளம்பரங்கள் வரும். பவுலிங் கிரீன், பவுலிங் கிளப் என்ற இரு சொற்களையும் மேற்கோள் குறிக்குள் இட்டு, ஊர்ப் பெயரைச் சேர்த்து, ஆண்டு எல்லையையும் குறுக்கித் தேட வேண்டும். ஊரின் பெயர் மாறியிருக்கலாம் என்பதையும், நகராட்சியின் பெயரும் புறநகரின் பெயரும் வேறாக இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. ட்ரோவில் தேடப்படும் எழுத்து வடிவம், தாளின் படத்திலிருந்து இயந்திரம் படித்தெடுத்தது; மங்கிய தாளில் அது ஓர் எழுத்தை வேறோர் எழுத்தாகப் படித்துவிடும். எனவே கழகத்தின் பெயரால் கிடைக்காதது அதன் செயலாளரின் பெயரால் கிடைக்கும். விடுதியின் பெயரால் கிடைக்கும். சில வேளை அந்த மாதத்து இதழ்களைத் தேடுபொறியின்றிப் பக்கம் பக்கமாகப் புரட்டினால்தான் கிடைக்கும். இப்படிப் புரட்டுவதை நான் பெரிதும் பரிந்துரைக்கிறேன். கழகம் பற்றிய செய்திக்குப் பக்கத்தில் வறட்சியோ வங்கி முறிவோ தெருவுக்குக் குழாய் வந்த செய்தியோ இருக்கும்; கழகம் ஏன் அந்த ஆண்டு தள்ளாடியது என்பதை அந்தப் பக்கத்துச் செய்தியே விளக்கிவிடும். தவறாகப் படிக்கப்பட்ட வரிகளை வாசகரே திருத்தும் வசதி அந்தத் தளத்தில் உண்டு. உங்கள் கழகத்தின் பெயர் வரும் இடங்களையாவது திருத்திவிட்டு வாருங்கள், அடுத்து வருபவருக்கு உதவும்.

கண்டெடுத்த ஒவ்வொரு செய்திக்கும் இதழின் பெயர், தேதி, பக்க எண் ஆகிய மூன்றையும் உடனே எழுதிக்கொள்ளாவிட்டால் பின்னால் வருந்த நேரும். செய்தித்தாளின் தேதி நிகழ்வின் தேதி ஆகாது. சனிக்கிழமை நடந்த ஆட்டம் திங்கட்கிழமை நாளிதழிலும், அதற்கடுத்த சனிக்கிழமை வார இதழிலும் வரும். ‘சென்ற சனிக்கிழமை’ என்ற சொல்லை வைத்து நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணித் தேதியை உறுதி செய்ய வேண்டும்.

ஸ்காட்லாந்திலோ இங்கிலாந்திலோ உள்ள கழகத்தைப் பற்றி எழுதுபவருக்கு வாய்ப்பு வேறு வகையில் அமைகிறது. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பழைய அளவைத் துறை வரைபடங்களையும் அஞ்சல் துறை முகவரி ஏடுகளையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒரு மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில் வரைந்த படங்களில் பவுலிங் கிரீன் என்று பெயரே எழுதப்பட்டிருக்கும். ஒரு பதிப்பில் வெற்று வயலாகவும் அடுத்த பதிப்பில் கிரீனாகவும் இருந்தால், இடைப்பட்ட ஆண்டுகளுக்குள் தேடினால் போதும்.

நிலம், நீர், புல்

என்னைக் கேட்டால், பவுல்ஸ் கழகத்தின் தொடக்க வரலாறு எழுதுபவர் அதிக நேரம் செலவிட வேண்டியது மனிதர்களின் பெயர்களில் அன்று; நிலத்தில்தான். மற்ற ஆட்டங்களுக்கு ஒரு வெளி இருந்தால் போதும். பவுல்ஸுக்கோ ஏறத்தாழ 40 கஜம் நீளமும் அதே அகலமும் கொண்ட, மேடு பள்ளம் சிறிதுமில்லாத, நீர் தேங்காத, ஒட்ட வெட்டிய புல் வேண்டும். கிரீன் மட்டுமே ஒரு ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. சுற்றிலும் பள்ளமும் கரையும், நடக்க இடமும், கருவிகள் வைக்கும் கொட்டகையும் சேர்ந்தால் இன்னும் கூடும். இந்த நிலத்தை யார் கொடுத்தார், என்ன உரிமையின்பேரில் கொடுத்தார் என்று கேட்டால் கழகத்தின் முதல் இருபது ஆண்டுகளின் கதையில் பாதி வெளிப்பட்டுவிடும்.

விக்டோரியாவில் பல கழகங்கள் அரசு ஒதுக்கிய பொது நிலத்தில் அமைந்தவை. சில நகராட்சிப் பூங்காவின் ஒரு மூலையில் அமைந்தவை. சில உறுப்பினர்கள் பங்குபோட்டு வாங்கிய தனியார் நிலத்தில் அமைந்தவை. அரசு நிலமானால் ஒதுக்கீட்டு அறிவிப்பு விக்டோரியா அரசிதழில் வந்திருக்கும். பழைய அரசிதழ்களை இணையத்தில் பார்க்கலாம். அதன் தொடர்பான கோப்பும் நகராட்சியின் கடிதங்களும் நார்த் மெல்பர்னில் உள்ள விக்டோரியா பொது ஆவணக் காப்பகத்தில் இருக்கக் கூடும். அங்கே படிப்பு அறையில் முன்பதிவு செய்து மூல ஆவணத்தையே வரவழைத்துப் பார்க்கலாம். நம் ஊரில் ஒரு நிலத்தின் கதையை அறியப் பட்டா, சிட்டா, மூலப்பத்திரம் என்று பின்னோக்கிப் போவது போலத்தான் இதுவும். பூங்காவின் மூலையை வேலியிட்டுச் சிலருக்கு மட்டும் கொடுப்பது சரியா என்று அக்கம்பக்கத்தார் எழுதிய எதிர்ப்பு மனுக்களும் அந்தக் கோப்புகளில் கிடைக்கலாம். அவற்றை ஒதுக்காதீர்கள். கழகத்தின் நிகழ்ச்சிக் குறிப்பேடு ஒருபோதும் சொல்லாத செய்திகள் அங்கேதான் இருக்கும். இன்னும் பின்னோக்கிப் போனால், அந்த நிலம் அளந்து விற்கப்படுவதற்கு முன் அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான குலின் மக்களின் நிலமாக இருந்தது என்பதும் வரலாற்றின் பகுதியே. 1835-இல் ஐரோப்பியரின் குடியேற்றம் தொடங்கி முப்பது ஆண்டுகள் ஆவதற்குள் அங்கே பவுல்ஸ் ஆடப்பட்டது என்ற காலக் கணக்கை வாசகர் முன் வைக்க வேண்டும்.

நிலத்தின் எல்லையையும் கட்டடத்தையும் கண்ணால் பார்க்க, மெல்பர்ன் பெருநகர வடிகால், குடிநீர் வாரியம் வரைந்த படங்களைப் போல உதவுவது வேறில்லை. 1891-இல் அமைந்த அந்த வாரியம், வீடுதோறும் கழிவுநீர்க் குழாய் பதிப்பதற்காக நகரம் முழுவதையும் அளந்து வரைந்தது. குதிரை லாயம், குளியலறை, தோட்டப் பாதை வரை காட்டும் அப்படங்களில் கிரீனின் வடிவமும், கழகக் கட்டடம் எந்தப் பக்கம் இருந்தது என்பதும் தெரியும். விக்டோரியா மாநில நூலகம் அவற்றை எண்ணிமமாக்கி வெளியிட்டுள்ளது. பழைய படத்தை அச்செடுத்துக்கொண்டு கழகத்துக்கு நேரில் போய், தெருமுனையிலிருந்து அடியெண்ணி நடந்து பாருங்கள். இன்றைய வாகன நிறுத்தம் ஒருகாலத்தில் முதல் கிரீனாக இருந்ததை அப்படி நடந்துதான் நான் உணர்ந்தேன்.

அடுத்து நீர். மெல்பர்னின் கோடையில் நீர் ஊற்றாமல் இத்தகைய புல் நிற்காது. யான் யீன் நீர்த்தேக்கத்திலிருந்து மெல்பர்ன் நகரத்துக்குக் குழாய் நீர் வந்தது 1857 டிசம்பர் 31 அன்று. அதன் பிறகு படிப்படியாகப் புறநகர்களுக்குச் சென்றது. 1860-களின் நடுவில் கழகங்கள் முளைத்ததற்கு இது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் தெருவுக்குக் குழாய் வந்த ஆண்டையும் கழகம் தோன்றிய ஆண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்காமல் அந்த அத்தியாயத்தை முடிக்க வேண்டாம். புல்லை வெட்டிய கருவியும் அப்படியே. இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் வட்டாரத்தில் கம்பளித் துணியின் மேற்பரப்பைச் சீராகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைக் கண்ட எட்வின் பட்டிங், அதே முறையில் புல்வெட்டும் இயந்திரத்தை அமைத்து 1830-இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் அரிவாளும் கைத்திறனும்தான். பெரும் பண்ணை வீட்டாரால் மட்டுமே நல்ல புல்தரை வைத்துக்கொள்ள முடிந்தது. கழகத்தின் முதல் கணக்கேட்டில் இயந்திரம் வாங்கிய செலவும், கிரீன் காப்பாளருக்குக் கொடுத்த கூலியும் இருந்தால், அவற்றைத் தலைவர்களின் பெயர்ப் பட்டியலுக்கு முன்னால் வைத்து எழுதுங்கள். மண்ணோடு மல்லுக்கட்டிய அந்தக் காப்பாளரின் பெயர் பெரும்பாலும் எந்தப் பலகையிலும் இராது. கூலிப் பதிவிலிருந்துதான் அவரை மீட்டெடுக்க முடியும்.

கழகத்தின் அலமாரி

கழகச் செயலாளரிடம் அனுமதி பெற்று அலமாரியைத் திறக்கும் நாளில் இரண்டு பேராகச் செல்லுங்கள். ஒருவர் படிக்க, மற்றவர் குறிப்பெழுத. நிகழ்ச்சிக் குறிப்பேடுகள் முழுத் தொடராக இருப்பது அரிது. தீ, வெள்ளம், இடமாற்றம், இரு கழகங்களின் இணைப்பு ஆகியவற்றில் முதல் ஏடுகள்தாம் முதலில் தொலைந்திருக்கும். இருப்பவற்றில் கையெழுத்து மாறும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே செயலாளர் மாறியிருப்பார். தொகைகள் பவுண்டு, ஷில்லிங், பென்ஸில் இருக்கும். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, சந்தாவில் அடிக்கடி வரும் கினி என்பது 21 ஷில்லிங். 1966 பிப்ரவரி 14 வரை இதுவே ஆஸ்திரேலியாவின் நாணய முறை. இன்றைய டாலரில் அது எவ்வளவு என்று மாற்றிச் சொல்வதைவிட, அதே ஆண்டில் அதே ஊரில் ஒரு தொழிலாளியின் வாரக் கூலி என்னவென்று செய்தித்தாளில் கண்டு, சந்தாவை அதனுடன் ஒப்பிட்டால் வாசகருக்கு உண்மை விளங்கும்.

பழைய பந்துகளையும் ஆவணமாகவே கருத வேண்டும். முற்காலப் பந்துகள் லிக்னம் வைட்டே என்ற, நீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியான மரத்தில் கடைந்தவை. அதன் இருபக்க வட்டில்களில் உரிமையாளரின் முதலெழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தால் உறுப்பினர் பட்டியலுடன் ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடிக்கலாம். பந்து நேராக உருளாமல் ஒருபக்கம் வளைந்து செல்வதற்குக் காரணமான சாய்வு, தொடக்கத்தில் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. கிளாஸ்கோவைச் சேர்ந்த டெய்லர் நிறுவனம் 1871-இல் எந்திரக் கடைசல் மூலம் அதை ஒரே அளவுக்குக் கொண்டுவந்தது. மெல்பர்னின் ஹென்செல் குடும்பத்தார் 1930-களின் தொடக்கத்தில் பிளாஸ்டிக் பந்தைக் கொண்டுவந்த பிறகு மரப்பந்துகள் மெல்ல மறைந்தன. ஆகவே ஓர் ஒளிப்படத்தையோ பரிசுப் பெட்டியையோ காலங்கணிக்கப் பந்தின் பொருளே ஒரு துப்பு. பிற்காலப் பந்துகளில் சோதனை முத்திரை இருக்கும். அதில் ஆண்டைக் குறிக்கும் எண்களும் இருக்கும்.

ஒளிப்படத்தின் பின்புறத்தை முன்புறத்தைவிடக் கவனமாகப் பாருங்கள். நிழற்படக் கூடத்தின் முத்திரை இருந்தால், அந்த முகவரியில் அவர் எந்த ஆண்டுகளில் தொழில் நடத்தினார் என்பதைச் சாண்ட்ஸ் அண்ட் மெக்டூகல் முகவரி ஏடுகளில் காணலாம். அந்த ஏடுகள் 1974 வரை வெளிவந்தன. கழகத்தின் முதல் உறுப்பினர்கள் என்ன தொழில் செய்தார்கள், எந்தத் தெருவில் இருந்தார்கள் என்பதையும் அதே ஏட்டிலிருந்து எடுத்து ஒரு வரைபடத்தில் புள்ளியிட்டால், கழகம் எத்தனை தெருக்களின் கழகமாக இருந்தது என்பது ஒரே பார்வையில் புலப்படும்.

யாருடைய கழகம்

இங்கேதான் எழுதுபவருக்குத் துணிவு வேண்டும். இந்த ஆட்டத்தைச் சட்டம் நெடுங்காலம் வசதி படைத்தவருக்கு ஒதுக்கி வைத்திருந்தது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் 1541-ஆம் ஆண்டுச் சட்டப்படி கைவினைஞரும் தொழிலாளரும் பணியாளரும் கிறிஸ்துமஸ் காலத்தில் மட்டுமே, அதுவும் எசமானரின் வீட்டில் அல்லது அவர் முன்னிலையில், ஆடலாம். ஆண்டுக்கு 100 பவுண்டு வருவாய் தரும் நிலம் உடையவர் உரிமம் பெற்றுத் தம் சொந்தக் கிரீனில் ஆடலாம். அந்தத் தடை 1845-இல்தான் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் ஆட்டம் செழித்தது ஸ்காட்லாந்தில். கிளாஸ்கோவில் 1848-இல் ஏறக்குறைய 200 ஆட்டக்காரர்கள் கூடி விதிகளை ஒழுங்குபடுத்த முற்பட்டதும், டபிள்யூ. டபிள்யூ. மிட்செல் அவ்விதிகளை வகுத்ததும், 1892-இல் ஸ்காட்டிஷ் பவுலிங் சங்கம் பிறந்ததும் அதன் தொடர்ச்சி. இங்கிலாந்துச் சங்கம் 1903-இல்தான் வந்தது. அதன் முதல் தலைவர் கிரிக்கெட் வீரர் டபிள்யூ. ஜி. கிரேஸ். விக்டோரியாவும் நியூ சவுத் வேல்ஸும் 1880-இலேயே தத்தம் சங்கங்களை அமைத்துவிட்டன. உங்கள் கழகத்தின் முதல் விதிப்புத்தகம் கிடைத்தால், அது ஸ்காட்லாந்து விதிகளை எவ்வளவு தழுவியிருக்கிறது, அதைக் கொண்டுவந்தவர் எங்கிருந்து வந்தவர் என்று தேடுங்கள். தங்க வேட்டைக்காக 1851-க்குப் பின் வந்து குவிந்தவர்களில் ஸ்காட்லாந்துக்காரர் பலர்.

ஆட்டம் வார நாளின் பிற்பகலில் நடந்ததா, சனிக்கிழமையில் நடந்ததா என்பதே யார் ஆட முடிந்தது என்பதைத் தீர்மானித்துவிடும். மெல்பர்னின் கட்டடக் கல்தச்சர்கள் 1856 ஏப்ரல் 21 அன்று வேலையை நிறுத்தி ஊர்வலம் சென்று எட்டு மணி நேர வேலை நாளைப் பெற்றது புகழ்பெற்ற செய்தி. ஆயினும் கடைச் சிப்பந்திக்கும் வீட்டு வேலையாளுக்கும் பிற்பகல் ஓய்வு கிடைக்க நெடுநாள் ஆயிற்று. கழகம் ஆட்ட நாளை மாற்றிய தீர்மானம் குறிப்பேட்டில் இருந்தால், அது வெறும் நிர்வாகச் செய்தி என்று தள்ளிவிடக் கூடாது.

பெண்களைப் பற்றி ஏடுகள் பேசுவது பெரும்பாலும் தேநீர் பரிமாறியதற்கு நன்றி சொல்லும் தீர்மானத்தில் மட்டுந்தான். ஆனால் விக்டோரியாவின் ஸ்டாவெல் ஊரில் 1881-இலேயே பெண்கள் ஆடிய ஆட்டம் பதிவாகியுள்ளது. 1907-இல் விக்டோரியா மகளிர் பவுலிங் சங்கம் அமைந்தது, அத்தகைய சங்கங்களில் உலகிலேயே முதலாவது அது. ஆகவே உங்கள் கழகத்தில் பெண்கள் எப்போது கிரீனில் இறங்கினார்கள், எந்த நாளில், எந்த மணியில் அவர்களுக்கு அனுமதி இருந்தது, வாக்குரிமை எப்போது கிடைத்தது என்ற மூன்றையும் தனித்தனியே தேட வேண்டும். பெண்கள் பிரிவின் ஏடு வேறாக இருந்து, கடைசிச் செயலாளரின் வீட்டில் கிடப்பது வழக்கம். அதைக் கேட்டு வாங்குவதுதான் இந்த வேலையிலேயே மிகப் பயன்தந்த உரையாடல் எனக்கு.

எழுதும்போது

காலவரிசையில் எழுதுங்கள், எங்கே நிறுத்துவது என்பதை முன்பே முடிவுசெய்யுங்கள். தொடக்க வரலாறு என்பதற்கு 1914-இல் போர் மூண்டது ஓர் இயல்பான எல்லை. உறுப்பினரின் பிள்ளைகளின் பெயர்கள் தலைவர் பலகையிலிருந்து போர்ப் பலகைக்கு இடம் மாறும் காலம் அது. சான்றுள்ள செய்தியையும், சான்றிலிருந்து நீங்கள் ஊகித்ததையும், கேள்விப்பட்டதையும் மூன்று வெவ்வேறு வினைமுடிவுகளால் வேறுபடுத்துங்கள்: நடந்தது, நடந்திருக்கலாம், நடந்ததாகச் சொல்கிறார்கள். தமிழில் இந்த வேறுபாடு ஒரு விகுதியில் அடங்கிவிடுவது நமக்கு வாய்த்த வசதி. அதைத் தளர்த்திவிடக் கூடாது. ஆட்டச் சொற்களை மொழிபெயர்க்க முயன்று வாசகரைத் திணறடிக்க வேண்டாம். ஜாக் என்றால் குறியாக உருட்டும் சிறு வெள்ளைப் பந்து, ரிங்க் என்றால் ஆட்டம் நடக்கும் ஒரு பட்டை, ஸ்கிப் என்றால் அணியை நடத்துபவர் என்று முதலில் வரும் இடத்தில் ஒருமுறை சொன்னால் போதும்.

எழுதிய வரைவைக் கழகத்தின் மூத்த உறுப்பினர் இருவரிடமும், கழகத்தோடு தொடர்பே இல்லாத ஒருவரிடமும் கொடுங்கள். முதல் இருவர் பிழைகளைச் சொல்வார்கள், மூன்றாமவர் புரியாத இடங்களைச் சொல்வார். பலகையில் உள்ள ஆண்டு தவறு என்று உங்களுக்குத் தெரியவந்தால், அச்சிடுவதற்கு முன் கழகக் குழுவிடம் சான்றுகளைக் காட்டிப் பேசிவிடுங்கள். நூற்றாண்டு விழாவை அந்த ஆண்டை வைத்துக் கொண்டாடியவர்கள் இன்னும் அங்கே இருப்பார்கள். பலகையை மாற்றச் சொல்ல வேண்டியதில்லை. இரு தேதிகளையும் நூலில் எழுதி, ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்று விளக்கினால் போதுமானது.

அச்சான பின் ஒரு படியை விக்டோரியா மாநில நூலகத்துக்கும் மற்றொன்றைத் தேசிய நூலகத்துக்கும் அனுப்புவது சட்டப்படியான கடமை. இன்னொன்றை உள்ளூர் நூலகத்தின் வரலாற்றுப் பிரிவுக்குக் கொடுங்கள். கழகங்கள் மூடப்பட்டும் இணைக்கப்பட்டும் வரும் காலம் இது. கட்டடம் காலிசெய்யப்படும் நாளில் பழைய ஏடுகள் குப்பைத் தொட்டிக்குப் போவதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே நீங்கள் பயன்படுத்திய மூல ஏடுகளையும் அந்த நூலகத்திலோ வட்டார வரலாற்றுச் சங்கத்திலோ ஒப்படைக்கும்படி கழகக் குழுவை இப்போதே கேளுங்கள். ஒப்படைக்கும் வரை அவற்றை அமிலமற்ற அட்டைப் பெட்டியில், தரையிலிருந்து உயரத்தில், சமையல் கூடத்தின் சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். கிழிந்த தாளில் ஒட்டுநாடா போடக் கூடாது; துருப்பிடித்த ஊசிகளை மெதுவாக எடுத்துவிட்டு, தாள்கள் இருந்த வரிசையைக் குலைக்காமல் பருத்தி நாடாவால் கட்டி, பெட்டியின் மேல் ஆண்டுகளைப் பென்சிலால் எழுதுங்கள்.